என் மேல் ஆத்தா இறங்கவில்லை

போன வருடம் சித்திரைத் திருவிழாவில் என் மேல் மாரியாத்தா இறங்கிவிட்டதாக எங்கள் எஸ்டேட் முழுக்கச் சொன்னார்கள். இறங்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதை நான்கு பேர் நம்ப ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் நான் பட்ட தனிமையை என் எதிரிக்கும் ஆத்தா கொடுக்கக் கூடாது. அவளைக் கும்பிடுகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

என் பெயர் சரசு. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறேன். வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் நான் மட்டும்தான். இருந்தாலும் எனக்கு மல்லிகா இருந்தாள். தேயிலைக் காட்டில் எனக்கு அடுத்த வரிசை அவளுடையது. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். சாப்பாட்டு நேரத்தில் கேட்காமலே என் டிபனில் கை வைப்பாள். வைத்துவிட்டு, "ஏன்டி, உப்புச் சும்மா கெடைச்சுதா, இந்தக் கொட்டுக் கொட்டியிருக்கற?" என்று திட்டவும் செய்வாள். அப்படிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் பிழைப்பு.

அந்தத் திருவிழாவுக்கு முந்தின மழைக்காலத்தில் இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது சரிவில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் பின்கழுத்தில் ஒரு வலி ஆரம்பித்தது. மண்டை வழியாக ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே கிறுகிறுப்பு. அண்ணாந்து பார்த்தால் வரும். பஸ்ஸில் பின்னால் திரும்பினால் வரும். நடக்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாயும். பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காதுக்குள் பார்த்தார்கள், கோயமுத்தூர் கூட்டிப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நார்மலாக இருக்கிற பொம்பளை எதற்கு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்?

இந்த நிலைமையில்தான் திருவிழா வந்தது. பூவோடு, அதுதான் தீச்சட்டி, எடுத்து வந்துவிட்டார்கள். தப்பட்டைச் சத்தம் காதைப் பிளந்தது. பூசாரி கற்பூரத் தட்டை உயர்த்தினார். எல்லோரும் அண்ணாந்தார்கள், நானும் அண்ணாந்தேன். கோயில், கூட்டம், மலை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. விழாமல் இருக்க இரண்டு கையையும் விரித்து ஆளைத் தேடினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் படபடவென்று விலகி வட்டமாக நின்றுவிட்டார்கள்.

"சாமி வந்துருச்சு! ஆத்தா வந்துட்டா!"

குலவை போட்டார்கள். ஒரு குடம் மஞ்சத்தண்ணியைத் தலையில் கொட்டினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். மல்லிகா ஓடிவந்து என் காலில் விழுந்தாள்.

"தாயே, எம் பொண்ணு வயித்துல ஒரு புழு பூச்சி தங்குமா? வாயத் தொறந்து சொல்லு தாயே!"

எனக்குக் கழுத்து நிற்கவில்லை. தலை முன்பக்கமாகத் தொங்கியது. "தலையாட்டிட்டா! சரின்னுட்டா!" என்று கூட்டமே கத்தியது. ஆடி மாதம் மல்லிகாவின் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. என் கதை அன்றோடு முடிந்தது.

நான் சொல்லாமல் இல்லை. வாய் வலிக்கச் சொன்னேன். "எனக்குத் தலைதானுங்க சுத்துச்சு, சாமியும் வரல, ஒண்ணும் வரல." பூசாரி சிரித்தார். "சாமி வந்தவங்களுக்கு அந்த நெனப்பு எங்கீங்க ஆத்தா இருக்கும்?" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது? சத்தியம் செய்தால் அதையும் அருள்வாக்கு என்பார்கள்.

அன்றிலிருந்து நான் சரசு இல்லை. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நான் ஆத்தா. என் மூட்டையை இரண்டு பேர் வாங்கிச் சுமந்தார்கள். அது மட்டும் சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மற்றபடி என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பஸ்ஸில் என்னோடு சீட்டில் ஒண்ட மாட்டார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். மல்லிகா டிபனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கருவாட்டுக் கொழம்புங்க. உங்க பக்கத்துல வெச்சுத் தின்னா ஆகாதுங்க."

உங்க! வாடி போடி என்றவள் என்னை உங்க என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தடுமாறி நான் சுவரைப் பிடிக்கும்போது எதிரில் வந்தவர்கள் கை கூப்பினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தரும் கையைப் பிடிக்கவில்லை. லைனுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் ஒரு நாள் நான் விழுந்து கிடப்பேன், எல்லோரும் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பயந்தேன். நினைத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் செய்வேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. மழை பிடித்திருந்தது. எனக்கு அழுகை முட்டியது, அதற்கு மேல் கோபம் முட்டியது.

"நீ எம்மேல வரலைன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற ஒரு நாதிக்கும் தெரியல. உம் பேரைச் சொல்லித்தான் என்னைய ஒதுக்கி வெச்சிருக்கறாங்க. இதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறயே, நல்லாருக்குதா? எம்மேல வர வேண்டாம் தாயி. என்னைப் புடிச்சுக்க ஒரே ஒரு ஆள அனுப்பு."

இப்படி யாராவது சாமி கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன். எனக்கு வேறு விதமாக வரவில்லை.

அடுத்த வாரம் மாத்திரை வாங்கக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். தரை சாய்ந்தது. சரி, விழுந்தோம் என்று நினைத்தபோது ஒரு கை என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தது.

"அக்கா, பாத்து! எம்மேல சாஞ்சுக்கங்க, பரவால்ல."

புதிதாக வந்திருந்த பிசியோதெரபி பெண். நிவேதா என்று பேர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது, வலி முதலில் வருமா கிறுகிறுப்பு முதலில் வருமா, எப்போதாவது விழுந்தீர்களா என்று கேட்டாள். அதுவரை எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"கழுத்துல இருந்து வரலாம்னு தோணுதுங்கக்கா. ஆனா எனக்கு அடிச்சுச் சொல்லத் தெரியல. குன்னூர்ல எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் இருக்குது. கழுத்தால வர்ற தலைவலிக்கும் தலைசுத்தலுக்கும் கையால செய்யற வைத்தியம். பெரிய சார் ஒருத்தர் வர்றாரு. நெசமான பேஷண்ட் ஒருத்தர் இருந்தா நல்லதுன்னாங்க. வர்றீங்களா?"

"அப்ப என்னைய வெச்சுப் படிக்கப் போறீங்க?"

"ஆமாங்கக்கா" என்றாள், மழுப்பாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளோ.

குன்னூரில் ஒரு ஹாலில் நிவேதா மாதிரியே சின்ன வயசுப் பிள்ளைகளாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். சார் என் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்தார். பிறகு சுற்றுகிற நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். "தலைய நான் அசையாமப் புடிச்சுக்கறேம்மா. நீங்க உடம்ப மட்டும் நாற்காலியோட திருப்புங்க." திருப்பினேன். தலை இம்மியும் நகரவில்லை. ஆனாலும் கிறுகிறுப்பு வந்தது. அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "காதுக்குள்ள கோளாறுன்னா தலை அசைஞ்சாத்தான் வரும். இங்க தலை அசையல, கழுத்து மட்டுந்தான் முறுகுச்சு. தலை எந்தப் பக்கம் இருக்குதுன்னு மூளைக்குத் தகவல் சொல்றதுல கழுத்துக்கும் பங்கு இருக்குது. இந்த அம்மாவோட கழுத்து தப்பாச் சொல்லுது."

பிறகு என்னைப் படுக்கவைத்து, பின்கழுத்தில் எந்த இடம் இறுகியிருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொருத்தராக வந்தார்கள். "தொடலாமுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள். மெதுவாக, பூவை எடுக்கிற மாதிரி. மூன்றாவது கையோ நான்காவது கையோ, எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. நிவேதா பதறிவிட்டாள்.

"வலிக்குதுங்களா? நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வலிக்கலம்மா. மனுசங்க கை பட்டு ரொம்ப நாளாச்சு. நிறுத்தச் சொல்லாத."

அந்த ஹாலில் யாருக்கும் நான் சாமி இல்லை. அங்கே படுத்துக்கொண்டே ஆத்தாளுக்கு நன்றி சொன்னேன். ஒரு ஆளை அனுப்பச் சொன்னேன், ஒரு கூட்டத்தையே நிறுத்தியிருந்தாள்.

ஒரே நாளில் சரியாகவில்லை. வாரா வாரம் கோத்தகிரி போனேன். நிவேதா கையால் கழுத்தை இளக்கிவிடுவாள். வீட்டில் செய்யவும் பயிற்சி கொடுத்தாள். தலையில் ஒரு பட்டை, அதில் ஒரு சின்னச் சிவப்பு லைட். சுவரில் ஒரு குறியைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து கண்ணைத் திறக்க வேண்டும். என் சுவரில் இருந்தது மாரியாத்தா காலண்டர்தான். அவள் நெற்றிப் பொட்டைக் குறியாக வைத்தேன். முதலில் கண்ணைத் திறந்தால் வெளிச்சம் காலண்டரை விட்டே தள்ளி, அலமாரியில் கிடக்கும். பிறகு சூலத்துக்கு வந்தது, பிறகு காதுத் தோட்டுக்கு வந்தது. மாசி மாதம் ஒரு காலையில் கண்ணைத் திறந்தேன், பொட்டில் நின்றது. "தாயே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லைன் நாய் குரைத்தது. அதற்குள் தலைவலியும் முக்கால்வாசி போயிருந்தது.

இந்தச் சித்திரையும் வந்தது. கோயிலில் நான் நின்ற உடனே வட்டம் கட்டிவிட்டார்கள். மஞ்சத்தண்ணிக் குடம் தயாராக இருந்தது. கற்பூரம் உயர்ந்தது, அண்ணாந்து பார்த்தேன். ஆடவில்லை. தப்பட்டைக்காரர் என் காதுக்கிட்ட வந்து வெளுத்து வாங்கினார். ஊகூம். "ஆத்தாளுக்கு என்ன கொறை வெச்சோமோ" என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். அப்போது மல்லிகா பேரப்பிள்ளையோடு வந்து, என் காலடியில் கிடத்தக் குனிந்தாள்.

"பச்சப்புள்ளயத் தரையில போடாதடி!" என்று கத்தினேன். "அன்னைக்கு எனக்குத் தலை சுத்துச்சு மல்லிகா. உன்னையப் புடிக்கத்தான் கைய நீட்டுனேன். நீ கால்ல உழுந்துட்ட. புள்ளயக் குடுத்தது அவ. நான் இல்ல. எனக்கு இருந்தது கழுத்து நோவு, இப்ப வைத்தியம் பாத்து நல்லாயிருச்சு."

பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சித்த சும்மா இருங்க" என்றாள் மல்லிகா. ஆத்தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் கோணியது.

"ஏன்டி, அன்னைக்கே சொல்லித் தொலைய மாட்டியா? ஒரு வருசமா உன்னையத் தனியா உக்கார வெச்சுட்டனேடி!"

"சொன்னனே! எவடி கேட்டீங்க?"

அவள் அழுதுகொண்டே பிள்ளையை என் கையில் திணித்து, என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இப்போதும் குளிர் அதிகமான நாளில் கழுத்து லேசாகப் பிடிக்கும். பயிற்சியை விடவில்லை. மூட்டையைத் தலையில் வைப்பதில்லை.

ஆத்தாளை நம்பியிருக்கிற என் சொந்தங்களே, உங்களுக்கு என்ன கஷ்டமோ, அவளிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அவள் அனுப்புகிற ஆள் அங்கேயும் நிற்பார். இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தி கையை விரித்து ஆடினால், காலில் விழுவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்து, "கண்ணு, தலை சுத்துதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வந்திருப்பது ஆத்தாளாகவே இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.