பீங்கான் தொட்டிக்குள் வைத்த ஆம்ப்ளிஃபயர்

நேற்று ஜங்ஷன் ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடையைக் கடக்கும்போது ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறியது. பலருக்கு அது பிடித்த வாசனை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எழுபதுகளில் நான் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன், படத்தைப் பார்த்தே வயரிங் கற்றவன். செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்த லாரன்சு என் வயதுக்காரன், கிடார் வாசிப்பான். கிடார் சத்தம் கூட்டத்துக்குக் கேட்கவில்லை என்று வந்து நின்றான். பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் ஆக்கினேன். வேண்டும்போது சத்தம் பூனை சீறுவதுபோல் கிழிந்து வருவதற்கு இரண்டு டிரான்சிஸ்டர் போட்டு ஒரு சுவிட்சும் வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அந்த ரேடியோவில், வீட்டுக் கரண்டு நேராகத் தகட்டுக்கு வராமல் பிரித்துவைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. கரண்டின் ஒரு கம்பி நேராக இரும்பு அடித்தகட்டில் சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கை இடம்வலம் மாற்றிச் செருகினால் தகடு ஷாக் அடிக்கும். அதற்குத்தான் சூளையில் கழித்துப்போட்ட பீங்கான் தொட்டி ஒன்றை லாரன்சு தூக்கிவந்தான். எல்லாவற்றையும் அதற்குள் இறக்கி மூடினோம். பீங்கான் இருந்தால் கரண்டுக்குப் பயமில்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தகட்டிலிருந்து ஒரு வயர் வெளியே கிடாருக்குப் போகிறதே, அது என் புத்தியில் படவில்லை.

ஈஸ்டர் சாயங்காலம், சர்ச் வாசலில் பலகை மேடை. கிடாரில் வயரைச் சரிசெய்யக் குனிந்தபோது விரலில் சுருக்கென்றது. டெஸ்டரைக் கிடார் கம்பியில் வைத்தேன். அதன் பல்பு எரிந்தது. லாரன்சு ஒரு கையால் கம்பிகளைப் பிடித்தபடி, மறுகையை இரும்பு மைக் ஸ்டாண்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டாண்டைத் தொட்டால் கரண்டு அவன் நெஞ்சு வழியாகத்தான் பாயும். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏன்டா புடுங்குன?”

“இரைச்சல் வந்துது.”

“எனக்குக் கேக்கலியே.”

“எனக்குக் கேட்டுது.”

கூட்டம் சிரித்தது. பிளக்கை மாற்றிச் செருகினேன், இப்போது டெஸ்டர் எரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று ஒருவரும் என்னிடம் ரேடியோ கொடுக்க மாட்டார்கள். டிரான்ஸ்பார்மர் வைக்கலாம் என்றால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம் என்று அவன் போன இடமெல்லாம் நானும் பஸ் ஏறினேன். விளக்குக்காக யாராவது பிளக்கைப் பிடுங்கி மாற்றிச் செருகிவிட்டால்? கடைசிவரை பிளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே நிற்பேன்.

“இவனுக்குப் பாட்டுன்னா அவ்ளோ பைத்தியங்க, ஒரு புரோகிராம வுட மாட்டான்” என்று லாரன்சு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான்.

பிறகு சூளை மூடி, அவன் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டான். அந்த ரேடியோக்களும் இப்போது இல்லை. போன மாதம் அவன் உறவுக்காரர் ஒருவர், லாரன்சு எப்படி வாசிப்பான் என்று என்னைக் கேட்டார். எல்லா நிகழ்ச்சிக்கும் போனவன் நான்தானாம்.

அவன் வாசித்த ஒரு பாட்டுகூட எனக்குத் தெரியவில்லை.