நான் ஆமென் சொன்ன ஜெபம்

சபையாரே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறைத்து வைத்துப் பட்டதெல்லாம் போதும். அதனால்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் அரக்கோணத்துக்காரன். வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவன், மெட்டுகுடாவில் வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் வேலை பார்த்தேன். ரிட்டையர் ஆனபோது காது பாதிதான் கேட்டது. அப்போது இதே இடத்தில் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என் காதைத் திறப்பார், எனக்கு எந்த மிஷினும் வேண்டாம்" என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மல்காஜ்கிரியில் இருக்கும் என் மகள் பிரேமா என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். காதோரம் கத்திச் சொன்னாள். "அப்பா, காது கேக்கலன்னு இப்படி ஒதுங்கியே உக்காந்திருந்தா மூளையும் மந்தமாயிடுமாம். டாக்டர் சொன்னாருல்ல?"

"நக்கோம்மா, வேணாம்" என்றேன். அதை மாட்டிக்கொண்டு சபைக்கு வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பதுதான் என் கவலை. பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நான்கு வருஷம் அங்கேயே கிடந்தது.

அந்த நான்கு வருஷத்தில் என்னை நானே கெடுத்துக்கொண்டேன். ஹாரன் கேட்காது என்று காலை நடையை விட்டேன். பேசுவது புரியவில்லை என்று வீட்டுக் கூட்டங்களுக்குப் போவதை விட்டேன். டிவி முன்னாலேயே உட்கார்ந்து உடம்பு கனத்துப்போனது. பேர்கள் மறந்தன. ஒருநாள் கடைக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். பேத்தி தெலுங்கில் ஏதோ சொல்வாள், சும்மா தலையாட்டுவேன். பிறகு அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். என் மனைவி எஸ்தர் ஒன்றை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் கையால் காட்டினாள். கடைசியில் அதுவும் குறைந்தது. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன், பாவி.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எஸ்தர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. நான் பத்தடி தள்ளி டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மாடி வீட்டு லட்சுமிக்குத்தான் அது கேட்டது. அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார்த்தேன். எஸ்தர் என்னைத் திட்டவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உதடு மட்டும் அசைந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குக் காது வேண்டாம். அவளை மட்டும் திருப்பிக் கொடும்" என்று அழுதேன். கொடுத்தார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே பீரோவைத் திறந்தேன். பிரேமா பேட்டரி மாற்றி மிஷினைக் காதில் பொருத்தினாள்.

மறுநாள் காலை குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் எஸ்தர்தான் ஜெபிப்பாள். அவள் உதடு நின்றதும் நான் உரக்க ஆமென் சொல்வேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். அன்றைக்கு அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, பீரோவுல இருக்கறத எடுத்து மாட்டிக்க இவருக்குப் புத்தி குடும்னு நாலு வருஷமா தினம் கேட்டேன். இவரும் தினம் ஆமென் சொன்னாரு. இப்பதான் குடுத்திருக்கீரு. ஸ்தோத்திரம்."

அன்று என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. விம்மிவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் நடக்கிறேன். எஸ்தர் வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறாள். பேத்தியிடம் தெலுங்கில் சண்டை போடுகிறேன். மறந்த பேர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. ஆனால் எஸ்தர் இன்னும் பாதிப் பேச்சைக் கையால்தான் சொல்கிறாள். பழகிவிட்டது அவளுக்கு. அந்த ஒரு மணி நேரம் என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று ஒருநாள் கேட்டேன். "அத விடுங்க" என்றாள்.

பெரியவர்களே, உங்கள் வீட்டு பீரோவிலும் காது மிஷினோ கைத்தடியோ மாத்திரையோ ஒளிந்திருந்தால் இன்றைக்கே எடுங்கள். நீங்கள் கேட்டதற்கு அவர் கொடுத்த பதில் அதுவாக இருக்கலாம். கூச்சப்பட்டு என்னைப் போல நாளைக் கடத்தாதீர்கள்.

இதோ, உங்கள் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எஸ்தருக்காக ஒரு ஆமென் சொல்லுங்கள். இன்றைக்கு எனக்குக் கேட்கும்.