முப்பத்திரண்டாவது வரி

இராமலிங்கம் இறந்த செய்தியை ஆய்வுக்கூடத்துக்கு வந்து அட்டெண்டர் சொன்னார்: "வாடிப்பட்டி சார் தவறிட்டாகளாம். காலேசு லீவுங்க." பையன்கள் முகத்தில் சந்தோஷம். இராமலிங்கத்திடம் வசவு வாங்கியிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். நான் சிரித்தேன்.

நானும் அவரும் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் பௌதிகம் நடத்தினோம். நட்சத்திரத்தின் வயிற்றுக் கொதிப்பில் அணுவின் எலெக்ட்ரான் படிப்படியாக மேலேறும். எந்தப் படியில் எத்தனை அணுக்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. வாடிப்பட்டி ரயிலில்கூட மடியில் லாகரிதம் புத்தகம் இருக்கும். மனிதர்களையும் அப்படித்தான் அடுக்குவார். "எம்புட்டுச் சூடு வச்சாலும் சில பேரு கீழ்ப்படிதான்" என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஒருநாள் கவனித்தேன். அவருடைய அட்டவணைகள் எல்லாம் முப்பத்திரண்டாம் படியோடு நின்றன. அணுக்கள் நெருங்க நெருங்க மேலேயுள்ள படிகள் அழிந்துபோகும். அதற்கேற்ப நிறுத்தும் இடமும் மாற வேண்டும். இவருக்கோ நோட்டில் பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி. பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டார். நிறுத்தும் இடம் தப்பில்லையா என்று வகுப்பு வாசலில் வைத்துக் கேட்டேன். "ஏறத் தெரியாத ஆளுக்கு மாடியப் பத்தி என்னய்யா கவல?" என்றார். வகுப்பே சிரித்தது.

ஏழு வருட உழைப்பைக் கட்டுரையாக்கிச் சீமைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் என்னிடம்தான் நீட்டினார். "ஒங்கள விட்டா இங்க யாருக்குப் புரியும்? தப்பு இருந்தாச் சொல்லிருங்க." அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதில்லை. முப்பத்திரண்டு அப்படியே இருந்தது. பார்த்தேன். "அருமையா இருக்கு, அனுப்புங்க" என்றேன்.

கட்டுரை திரும்பி வந்தது. கூடவே ஒரே ஒரு கேள்வி: ஏன் முப்பத்திரண்டு? ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்க அதைப் படித்தார். பிறகு யாரையும் அவர் திட்டவில்லை. அன்று எனக்குச் சோறு ருசித்தது, மறைக்கமாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மனைவி ஒரு நோட்டைக் கொடுத்தார். "ஒங்ககிட்டதான் குடுக்கணும்னாக. மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசாத ஆளு நீங்க ஒருத்தர்தான்னு சொல்லுவாக."

கணக்கை முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். நெருக்கம் கூடக்கூடப் படிகளைக் குறைத்துப் பாதிப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார். எல்லாம் சரி. எட்டாம் பக்கத்தோடு கை ஓய்ந்துவிட்டது. முதல் பக்கத்தின் தலையில் எழுதியிருக்கிறார்: "திருத்தம் என் பக்கத்து மேசை நண்பருடையது. அன்றே சொன்னார்."

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை வரவில்லை.