கியர்பாக்ஸ் எண்ணெயும் ஒரு கல்யாண ஊர்வலமும்

ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் பெரும்பாலும் சூட்டில்தான் சாகிறது. எழுபதுகளின் நடுவில் திருவொற்றியூர் முழுக்கத் தேடினாலும் இதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைக்கமாட்டான். "கிளட்சே இல்லியா? அப்போ எப்படி சார் கியர் போடுவே?" என்பதோடு எல்லோருடைய ஆர்வமும் முடிந்துவிடும்.

நான் அப்போது எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு எஞ்சினீயர். காலடிப்பேட்டையில் வாடகை வீடு, தனி ஆள். எந்த இயந்திரம் வந்தாலும் அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அப்படிப்பட்டவனை யாரும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தொழிற்சாலைக்கு ஆலோசகராக வந்திருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பியபோது அவருடைய ஆட்டோமேடிக் அமெரிக்கக் கார் என்னிடம் வந்து சேர்ந்தது. பெட்ரோல் விலை ஏறியிருந்த காலம். படகு மாதிரி நீளமாக, குடிகாரன் மாதிரி குடிக்கிற அந்த வண்டியை வேறு எவரும் சீந்தவில்லை.

பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றுவது அன்றைக்குப் பலரும் செய்ததுதான். நான் அதோடு நிற்காமல், உடைத்துப் போட்ட ஒரு விசைப்படகிலிருந்து டர்போசார்ஜரையும் எடுத்துப் பொருத்தினேன். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற விசிறி அது. வண்டி நன்றாக இழுத்தது. அந்த இழுப்பை கியர்பாக்ஸ்தான் தாங்கவில்லை. எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை, அது உறிஞ்சும் காற்றை வைத்துத் தெரிந்துகொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். டீசல் எஞ்சினிலிருந்து அந்தச் செய்தி வராது. செய்தி வராவிட்டால் உள்ளே எண்ணெயின் அழுத்தம் தாறுமாறாகும், கியரைப் பிடித்து நிறுத்தும் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூட்டில் எண்ணெய் கருகும். ஆகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து கியர்பாக்ஸுக்கு நானே செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தேன். முன்பக்கம் எண்ணெயைக் குளிரவைக்க ஒரு சின்ன ரேடியேட்டர். டேஷ்போர்டில் எண்ணெயின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர், முள் தாண்டக் கூடாத இடத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. உள்ளே இருக்கிற எந்தச் சாமானுக்கும் நாட்டில் ஸ்பேர் கிடையாது. இறக்குமதி லைசென்சுக்கு விண்ணப்பிக்கும் முறை எனக்கு முழுவதும் தெரியும், அதனால்தான் விண்ணப்பிக்கவில்லை. ஒரு தடவை கருகினால் வண்டி காயலான் கடைக்குத்தான்.

வண்டி போனால் கூடவே வேறென்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் ஒரே ஒருவன்தான் இருந்தான்: எங்கள் தொழிற்சாலை வெல்டர், ராயபுரத்துக்காரன். எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்துத் தந்தது அவன்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவான். வண்டிக்கு அடியில் படுத்துக் கசிவு பார்ப்பான். என் கையால் டீ குடித்துவிட்டு, "இன்னா சார், டீயா இது, கியர் ஆயிலா?" என்று கேட்டுவிட்டுப் போவான். என்னைப் பார்க்க வருகிறானா, வண்டியைப் பார்க்க வருகிறானா என்று நான் கேட்டதில்லை. விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது வாத்தியார்களின் வேலை.

மே மாதத்தில் அவன் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள்.

"சார், ஒண்ணு கேப்பேன், இல்லன்னு சொல்லக் கூடாது. பொண்ணு மாப்பிள்ளைய கோயில்லேர்ந்து வூட்டுக்கு நம்ம வண்டில இட்டுனு வரணும்."

நம்ம வண்டி என்றான். மறுக்க நினைத்திருந்தவன், அதைக் கேட்ட பிறகு நிபந்தனைகளை மட்டும் சொன்னேன். ஊர்வலம் கூடாது. அந்த வெயிலில் நடை வேகத்தில் போனால் எண்ணெய் உள்ளேயே கடையப்பட்டுச் சூடேறும், முன்னாலிருந்து காற்றும் வராது. கோயில் வாசலில் ஏற்றிக்கொண்டு நேராக வீடு.

"நேரா வூடு சார். மாதா மேல ஆணையா."

கல்யாணத்தன்று மாலை கோயில் வாசலில், என் வண்டிக்கு முன்னால், சிவப்புக் கோட்டு போட்ட பேண்ட் செட் வரிசை கட்டி நின்றது. வெல்டரைப் பார்த்தேன். இரவல் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க மாமா ஏற்பாடு சார். எனுக்கே இப்பதான் தெரியும்."

அதற்குள் மணப்பெண் பின் சீட்டில் ஏறிவிட்டாள். ஏறிய மணப்பெண்ணை இறக்கிவிடும் முறை எந்தக் கையேட்டிலும் இல்லை.

கீழ் கியரில் போட்டு நகர்ந்தேன். நின்ற இடத்திலெல்லாம் நியூட்ரலுக்கு மாற்றி, எண்ணெய் ரேடியேட்டர் வழியாக ஓடட்டும் என்று எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டேன். தெருவுக்குத் தெரு மாலை, சோடா, பட்டாசு. பிடித்த வீடு வந்தால் பேண்ட்காரர்கள் நின்று ஒரு பாட்டை முழுதாக வாசித்தார்கள். ராயபுரத்தில் அவர்களுக்குப் பிடிக்காத வீடே இல்லை. மார்க்கெட்டைத் தாண்டும்போது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நியூட்ரலில் போட்டு, இனி நகராது என்று அறிவித்தேன்.

வெல்டரின் மாமா ஜன்னலில் தலையை விட்டார். "இன்னா நைனா, வண்டி பேஜார் பண்ணுதா?"

"சூடாயிடுச்சு. ஆறணும்."

"எம்மா நேரம்?"

"முக்கால் மணி நேரமாவது."

"அதுக்குள்ள பிரியாணி ஆறிப்பூடும்யா! டேய், இன்னா வேடிக்க பாத்துகினுகீறீங்க? தள்ளுங்கடா!"

"யாரும் தொடக் கூடாது!" என்று கத்தினேன். வாய் தானாகச் சொன்னது. ஆட்டோமேடிக் வண்டியைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"இன்னாய்யா, தொட்டா தீட்டா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிரிப்பு நின்றுபோனது. பேண்டும் நின்றது.

அந்த அமைதியில்தான் யோசித்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால்தான் கெடுதல், உள்ளே எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பு எஞ்சினோடு நின்றுவிடும். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நியூட்ரலில் இருக்கிறது. பம்பு சுற்றும், எதுவும் வழுக்காது, எண்ணெய் ரேடியேட்டர் வழியாகப் போய்க் குளிர்ந்து வரும். கையேட்டின்படி பார்த்தாலும் இதைவிட நல்ல வழி கிடையாது.

"எஞ்சின் ஓடிட்டிருந்தா தள்ளலாம்" என்றேன்.

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, வண்டி நகர்ந்தது. இஸ்திரி போட்ட சட்டைகள் எல்லாம் டிக்கி மேல் சாய்ந்தன. வெல்டர் கோட்டைக் கழற்றி எவன் தலையிலோ போட்டான். "ஏய், மெதுவா, பேண்டுக்காரன ஏத்திடப் போறீங்கடா!" "ஏத்தினா ஏத்து, நாலு தெருவா ஒரே பாட்டு!" ஒரு பெரியவர் தள்ளாமல் மட்கார்டைப் பிடித்தபடி கூட நடந்து, "தம் கட்டு, தம் கட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் வெல்டரின் முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவனை என் வீட்டில் நான் பார்த்ததில்லை.

பின் சீட்டில் மாப்பிள்ளை முதல்முறையாகப் பேசினான். "ஷூ கடிக்குது."

"கழட்டிக்கோ. யாரு பாக்கப் போறாங்க" என்றாள் பெண்.

நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஒரு கை கொடுக்கலாம் போலிருந்தது. பிரேக்கில் ஒருவர் கால் இருந்தாக வேண்டும். முள் மெல்ல இறங்கியது.

வீடு வந்ததும் எல்லோரும் ஒரே அலையாக உள்ளே போனார்கள். "வா சார், உள்ள வா!" என்று வெல்டர் திரும்பிக் கூப்பிட்டான். அஞ்சு நிமிஷம் என்றேன். யாரோ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். டர்போ வைத்த எஞ்சினை வந்த வேகத்தில் அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவையும் சூடாக இருக்கும்போதே, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்து எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்தேன். பானெட்டைத் திறந்து அளவுகோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். அளவு சரி. நிறம் சிவப்பு, புது எண்ணெயின் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன், கருகல் வாசனை இல்லை. "பிழைச்சுது" என்று சத்தமாகவே சொன்னேன். தெருவில் ஒரு நாய் இருந்தது.

எஞ்சினை அணைத்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. கூப்பிட்டவன் போய்விட்ட பிறகு ஒரு கல்யாண வீட்டுக்குள் எப்படி நுழைவது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கையில் கிரீஸ் வேறு. துணியால் துடைத்துக்கொண்டே நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருத்தி தட்டும் கரண்டியுமாக வெளியே வந்தாள்.

"இந்தாப்பா டிரைவரு, சாப்டு. வெளியவே நிக்கிறியே, யாரும் கவனிக்கலியா?"

வாங்கிக்கொண்டேன்.

"யாரு வண்டி இது?"

"காலடிப்பேட்டையில ஒரு எஞ்சினீயரோடது."

"கல்யாணத்துக்கு வர்லியா அவுரு?"

"வரலை."

"பெரிய மன்ஷன். எங்க வரப் போறாரு" என்று சொல்லி, கரண்டியிலிருந்த இரண்டு கறித்துண்டை என் தட்டில் தள்ளினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை போகவில்லை. வண்டியில் சாய்ந்து நின்று தன் மூட்டு வலியையும், மாப்பிள்ளை சின்ன வயதில் பனைமட்டையை வண்டியாக ஓட்டியதையும் சொன்னாள். பானெட் இன்னும் சூடாக இருக்கும், கை வைக்காதீர்கள் என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு, "உங்க ஐயாகிட்ட சொல்லு, வண்டி ஜோரா இருந்திச்சின்னு" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு வெல்டர் வரவில்லை. கல்யாண வீட்டு வேலைகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு வந்தான். வழக்கம்போல வண்டிக்கு அடியில் நுழைந்தான். காலும் செருப்பும்தான் வெளியே தெரிந்தன.

"சொட்டு ஒழுகல் இல்ல சார். ஆமா, அன்னிக்கி சாப்டியா நீ? உள்ள வந்து தேடுனேனே."

"சாப்பிட்டேன்."

"எந்தப் பந்தில? நான் பாக்கவேல்லியே."

"மாப்பிள்ளை வீட்டுப் பந்தி" என்றேன்.

"அப்ப நல்லா கவனிச்சிருப்பாங்க" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

"நல்லாத்தான் கவனிச்சாங்க" என்று சொல்லி, அவன் கேட்ட ஸ்பேனரைக் குனிந்து நீட்டினேன்.