அக்காவின் கட்டியும் நான் டைப் அடித்த வரியும்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அறுவைச் சிகிச்சையில் வெட்டி எடுத்ததெல்லாம் மூடி போட்ட ஜாடிகளில் எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தால், எங்கள் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பென்சிலால் கிறுக்குவார். அந்தக் கிறுக்கலை மூன்று படிகளாக டைப் அடிப்பதுதான் என் வேலை. ஃபார்மலின் நெடி புடவையோடு வீட்டுக்கு வரும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்தால்கூட எனக்குப் பெருமைதான். ஆஸ்பத்திரி உத்தியோகம் அல்லவா!

மற்ற எதையும்விடக் கர்ப்பப்பைக் கட்டிகள் அதிகம் வரும். ஃபைப்ராய்டு. அவற்றின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை. டாக்டர் எழுதி முடிப்பதற்குள் என் விரல் அந்த வரிக்குப் போய்விடும். அப்படி அடித்து அடித்தே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கர்ப்பப்பையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

அம்மாவும் அப்பாவும் ஊருக்கே திரும்பிவிட்டதால் நான் அக்கா, அத்தானோடு இருந்தேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடி. அத்தான் துறைமுகத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளையில்லை. அக்காவுக்குப் பெரும்பாடு, தூரம் வந்தால் நிற்காது. மாதத்தில் பாதி நாள் சுருண்டு கிடப்பாள். வயிறு மட்டும் மாதாமாதம் முன்னால் வந்தது. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பெண்கள் கேட்பார்கள், "எத்தன மாசம்?" அக்கா முகத்தை மாற்றாமல் சொல்வாள், "ஏழு வருசம்லா." கேட்டவர்கள் மீனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஆப்பரேஷன் செய்யும் பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கும். ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும், அதனால் கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதே நல்லது என்றார். அக்கா அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

"நீ அங்கதானே வேல பாக்குற? நீ சொல்லு."

நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தன ரிப்போர்ட் அடிச்சிருக்கேன், எல்லாத்துலயும் ஒரே வரிதான்க்கா. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. கட்டிய மட்டும் எடுக்கச் சொல்லு."

அந்தத் தோசையை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். பெரிய டாக்டர் அத்தானிடம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டில் திருவிழா. அத்தான் காளியம்மன் கோயிலில் அபிஷேகத்துக்குச் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு நாள் ஆவதற்குள், தொட்டில் கட்ட எந்த உத்தரம் தாங்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் என்று ஒன்று இன்னும் வர வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும் நினைவிருந்தது.

பதிவேட்டில் அக்காவின் எண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வைத்திருந்தேன். சீட்டில் 'துண்டு துண்டாகப் பெறப்பட்டது' என்று எழுதியிருந்தது. கட்டி முழுசாக வராமல் வயிற்றுக்குள்ளேயே உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கள் பரிசோதனைக்கூட டாக்டருக்கு அப்படி வந்தால் பிடிக்காது. அன்றும் முணுமுணுத்தார். அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

வழக்கமாக ஃபைப்ராய்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். அக்காவின் தகட்டை மட்டும் தள்ளவில்லை. சீட்டின் ஓரத்தில் 'மறுபடி சீவவும்' என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே எழுதினார். பிறகு பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டு அதே தகட்டைப் பார்க்கச் சொன்னார். இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போவேன், குடிக்காமலே திரும்புவேன். டைப்ரைட்டர் ரிப்பன் நன்றாகத்தான் இருந்தது, அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். வீட்டுக்குப் போனால் அக்கா, "ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு? எவனையாச்சும் பாத்து வெச்சிருக்கியா?" என்று சிரிப்பாள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை சீட்டு என் மேசைக்கு வந்தது. என் அக்கா என்று டாக்டருக்குத் தெரியாது. கடைசி வரியில் அந்த 'இல்லை' இல்லை. கட்டிகளில் ஒன்றுக்குள் புற்று இருந்தது. மூன்று படிகள் அடித்தேன். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. என் விரல்கள் கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாம் என்று அவற்றின்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை அத்தானை வரவழைத்துச் சொன்னார். அப்போதெல்லாம் அப்படித்தான். உடம்பு மனைவியுடையது, சேதி மட்டும் புருஷனுக்கு. கர்ப்பப்பையை உடனே எடுக்க வேண்டும், திங்கட்கிழமைக்குப் படுக்கை வைத்திருக்கிறோம் என்றார்களாம். அத்தான் மாடிப்படியில் என்னை நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டா." எனக்கு முன்பே தெரியும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. பரிசோதனைக்கூடத்துச் செய்தி வெளியே போனால் வேலை போய்விடும். அது ஒரு சாக்கு. உண்மையில் பயம், வேறொன்றுமில்லை.

அத்தான் அக்காவிடம், உள்ளே கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டுமாம், சின்ன ஆப்பரேஷன் என்றார். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"சுத்தம் செய்ய என் வயிறு என்ன அடுப்படியா? அந்த டாக்டருக்கு முதல்லேர்ந்தே புள்ளப் பைய எடுக்கணும். நீங்களும் தலையாட்டிட்டு வந்துட்டீங்க." பிறகு என்னைக் கை காட்டினாள். "இவ அங்கயே வேல பாக்குறா. இவ சொன்னா, எல்லாம் ஒரே வரிதான்னு. நான் வரல, போங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் வாயால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் சாகப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படியும் வெள்ளிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் சிராங்கூன் ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். பூக்கடைக்காரர் மூன்று தரம் என்னிடம் பூ வேண்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வந்தபோது அத்தான் இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"என்னது?" என்றாள். மில் சத்தத்தில் கேட்கவில்லை.

அதனால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "புத்து, அக்கா! கட்டிக்குள்ள புத்து இருந்துச்சு! நான்தான் டைப் அடிச்சேன்! நான் சொன்னது தப்பு!"

அக்கா அழவில்லை. நெத்திலி கிள்ளுவதையும் நிறுத்தவில்லை. கேட்டாள்.

"எப்ப அடிச்ச?"

"செவ்வாக்கிழம."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டே என் கையால சோறு வாங்கித் தின்னிருக்க."

நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "திங்கக்கிழம எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். துண்டாக உடைத்ததில் ஏதாவது சிதறியிருக்குமா என்று பெரிய டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரும்வரை எங்கள் மூவருக்கும் சோறு இறங்காது. அப்படியே ஒரு வருஷம் போயிற்று, பிறகு இன்னொன்று, பிறகு பல. அக்கா இருந்தாள். உத்தரத்தை மட்டும் அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அந்த நான்கு நாளைப் பற்றி அவள் மறுபடி பேசவும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் என்று. "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று அவர்கள் கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"அவகிட்ட கேக்காதீங்க. ரிப்போர்ட் வரட்டும்."