வெறுங்காற்றில் ஒடிந்த கால்

துபாயில் எனக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் அயர்லாந்துக்காரர். முதல் நாளே, "இந்தக் காலால் மறுபடி எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். ஊரில் எந்த டாக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்பதோடு சரி. "தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "உங்கள் வீட்டுக்கு நாற்காலி ஏற்பாடு செய்யலாமே" என்றார். ஊரில், எங்கள் பண்ணைப்புரத்து வீட்டில் நாற்காலிகள் இருக்கின்றன, அவற்றில் துவைத்த துணி கிடக்கும் என்பதை எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன்.

நான் துபாய் விமான நிறுவனம் ஒன்றில் பணிப்பெண். கால் ஒடிந்த அன்று, பாங்காக்கிலிருந்து துபாய் திரும்பும்போது, வங்கக் கடலுக்கு மேலே சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே பொட்டு மேகம் இல்லை. பணியாளர்கள் உடனே உட்காரும்படி விமானியின் குரல் வந்தது. வண்டியின் பிரேக்கை மிதித்தேன். அதற்குள் தரை காலை விட்டுப் போய்விட்டது. தலை கூரையில் முட்டியது. விழுந்தபோது வலது கணுக்கால் மடங்கி முறிந்தது. விமானம் மறுபடி குலுங்கியது. சற்று முன், கோழி தீர்ந்துவிட்டது என்றதற்கு என்னை முறைத்த ஒரு தடித்த மனிதர் இருக்கையிலிருந்து குனிந்து, என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு அமுக்கிக்கொண்டார். ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். வலியிலும், இன்னும் திட்டுகிறாரே என்று நினைத்தேன். அது ரஷ்ய மொழி. "விடமாட்டேன், விடமாட்டேன்" என்றாராம். அந்த மொழி தெரிந்த சக பணிப்பெண் ஒருத்தி பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "வானத்துலயும் குழி கெடக்கா? ஓட்டுறவுக பாக்க மாட்டாகளா?" என்று அம்மா அழுதாள்.

"மேகம் இருந்தாத்தாம்மா தெரியும். இது வெறுங்காத்து."

திராட்சைத் தோட்டக்காரரான அப்பா போனை வாங்கினார். "ஆடிக் காத்து நம்ம பந்தலச் சாய்க்கிறப்ப கண்ணுக்குத் தெரிஞ்சா வருது? அவள அழ விடு. டாக்டருங்க என்ன சொல்றாக?"

துபாயில் சிகிச்சை முடிந்ததும், முழுதாகக் குணமாகும் வரை ஊரில் இருந்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குக் கால் தேறியதும் அம்மா சொன்னாள்: "போதும் ஆத்தா, இங்கனயே இரு. சின்னமனூர்ல ஒரு வேலை கெடைக்காமலா போகும்?" கிடைக்கும்தான். ஆனால் விமான வேலையைத் தேடி வாங்கியவள் நான். பயந்து விட்டுவிட்டால் மிச்ச நாளெல்லாம் அந்தப் பயத்தோடுதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் "போயிட்டு வர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி பறந்த முதல் விமானம் கொச்சிக்கு. பயணிகள் இறங்கியதும் கதவருகே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கொச்சியிலயா இருக்க? மலையத் தாண்டுனா வீடு. ஒரு எட்டு வந்துட்டுப் போகக்கூடாதா?"

"எறங்க விடமாட்டாகம்மா. இப்பவே திரும்பணும்."

"கால் வலிக்குதா?" என்றாள்.

புதுப் பயணிகள் ஏறியதும் கதவை மூடி, இருக்கையின் தோள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் இருக்கை பயணிகளைப் பார்த்தபடி, பின்னோக்கி இருக்கும். விமானம் மேற்கே கடலை நோக்கி ஓடத் தொடங்கியது. எதிரே எல்லோரும் போகிற திசையைப் பார்த்திருந்தார்கள். நான் மலைப் பக்கம் பார்த்தபடியே மேலேறினேன்.