உப்பு ஏற்கெனவே இருந்த வீடு

மருமகனின் அம்மா போலந்திலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் பேருந்தில் பயணம் செய்து வந்து இறங்கிய அன்று எனக்கு நாரி, இடுப்பெல்லாம் முறிந்துகொண்டிருந்தது. அதிகாலையில் மெனாஜ் வேலைக்குப் போய் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, அவருக்காகச் சமைத்தும் வைத்திருந்தேன். கார்ஜ் லே கொனெஸிலிருந்து பாரிஸுக்குள், லா ஷப்பலுக்கு வீடு மாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாதிப் பெட்டிகள் அவிழ்க்கப்படாமல் நடையிலேயே கிடந்தன. ஒரு ஆயுசில் எத்தனை தரம்தான் பெட்டி கட்டுவது, அவிழ்ப்பது? எனக்கு அலுத்துவிட்டது.

இதற்குள் மகள் வேறு. ஊரிலுள்ள எங்கள் வீட்டை ஒருமுறையாவது பார்த்துவிட்டு வா என்று ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்தாள். ரூ லூயி-பிளாங் தெருவில் விமான டிக்கெட் விலைகூட விசாரித்துவிட்டாள். யுத்தத்தில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த அந்த வீட்டில், வேறெங்கோ இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் வருடக்கணக்காக இருக்கிறது. புதுக் கேற்றும் போட்டிருக்கிறார்களாம். அவர்களை நான் திட்டாத திட்டு இல்லை. முழங்கால் நோகிறது, லீவு தரமாட்டார்கள் என்று மகளுக்குச் சாக்குச் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். என் வீட்டு வாசலில் நான் பிச்சைக்காரி மாதிரி நிற்க, அவர்கள் கேற்றைத் திறக்காமல் விட்டால் அதற்குப் பிறகு நான் எப்படி இருப்பேன்?

சம்பந்தி வாசலில் நின்றபடியே பையைத் திறந்து பேக்கரியில் சுட்ட ஒரு வட்டப் பாணையும் சின்னப் போத்தலில் உப்பையும் எடுத்தார். புது வீட்டுக்குப் பாணும் உப்பும் கொண்டுபோவது அவர்கள் வழக்கமாம். பாணை வாங்கிக்கொண்டேன். உப்பை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல, பழகின கை. மனுசிக்கு முகம் தொங்கிவிட்டது.

“கையிலை வேண்டாம், மதாம். மேசையிலை வையுங்கோ. உப்பைக் கையிலை தந்தால் எங்கள் ரெண்டுபேருக்கும் சண்டை வந்திடும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் உப்புச் சிந்தினால்தான் சண்டை வருமாம். அவரும் ஒரு காலத்தில் பாரிஸில் மெனாஜ் செய்தவர். எங்கள் இருவரின் பிரெஞ்சும் ஒரே மாதிரி நொண்டும், அதனால் நன்றாகவே விளங்கியது. அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் என் பேச்சாகவே தங்கிவிட்டது.

“உங்கடை வீட்டுக்கு ஆர் உப்புக் கொண்டுவந்தது?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை. அங்கை உப்பு ஏற்கெனவே இருந்தது.”

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். பெரிய யுத்தம் முடிந்து எல்லைகளை மாற்றியபோது, கிழக்கே இருந்த அவர்கள் ஊர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவருடைய அம்மாவையும் மாட்டையும் ஒரே சரக்கு ரயிலில் ஏற்றி, மேற்கே ஒரு சின்ன ஊரில் இறக்கிவிட்டார்கள். அதுவரை அது ஜெர்மன்காரர்களின் ஊர். அவர்களைத் துரத்தியாயிற்று. கொடுத்த வீட்டின் குசினியில் ஜெர்மன் எழுத்துப் போட்ட உப்பு ஜாடி நிறைய உப்பு. முதல் நாள் உருளைக்கிழங்கை அந்த உப்பைப் போட்டுத்தான் அவித்தார்களாம்.

“அம்மாவுக்கு அது தொண்டைக்குள்ளை இறங்கேல்லையாம்” என்றார்.

அந்த ஊரில் ஒருவரும் கூரை திருத்தவில்லை, மரம் நடவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ ஜெர்மன்காரர்கள் திரும்பி வருவார்கள், தங்களை மறுபடியும் ரயிலேற்றுவார்கள் என்று இருபது, முப்பது வருடம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு இருந்தார்களாம். மழை பெய்து சுண்ணாம்பு கழன்றால் கடைச் சுவரில் பழைய ஜெர்மன் பெயர் தெரியுமாம். இப்போது அந்த ஊரில் ஒரு சதுக்கம், ஒரு கோயில், ஒரு பேக்கரி, இலையுதிர் காலத்தில் காளான் பொறுக்க ஒரு காடு, அவ்வளவுதான். இளம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறி ஜெர்மனிக்கே வேலைக்குப் போகிறார்கள். நடையில் கிடந்த பெட்டிகளின் பக்கம் நான் திரும்பவில்லை.

“அந்த வீட்டுக்காரர் வரவேயில்லையோ?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஒருத்தி வந்தவ. நான் அப்ப பள்ளிக்கூடம் போறனான். கோடையிலை ஜெர்மனியிலையிருந்து ஒரு பஸ் வந்தது. எங்கடை கேற்றிலை வந்து நிண்டவ. அம்மா திரைச்சீலையை இழுத்து மூடிப்போட்டு, என்ரை வாயையும் பொத்திப் பிடிச்சா. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும்வரைக்கும் அவ நிண்டவ.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தாளி என்றும் பார்க்கவில்லை.

“திறந்திருக்க வேணும், மதாம்! ஒரு தேத்தண்ணி குடுத்தால் உங்கடை அம்மா குறைஞ்சா போயிடுவா?”

சம்பந்தி கோபிக்கவில்லை. “பயம். அவ வீட்டைக் கேட்டால் நாங்கள் எங்கை போறது? கை நடுங்கினது வெளியிலை நிண்ட அவவுக்கு இல்லை, உள்ளுக்கு இருந்த எங்களுக்கு.”

என் வீட்டில் இருப்பவர்களை எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறேன். கள்ளர், வெட்கம் கெட்டவர்கள், எல்லாம். திரைக்குப் பின்னால் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்குவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே தண்டவாளப் பாலத்தில் மெத்ரோ கடகடவென்று போனது.

“பிறகு?”

“பிறகு அம்மாவுக்கு நித்திரை இல்லை. அடுத்த கோடையிலை அந்த பஸ் வாற நாளெல்லாம் கேக் சுட்டு வைச்சா. கேற்றையும் திறந்து விட்டிருந்தா. செத்துப்போகும்வரைக்கும் ஒவ்வொரு கோடையும் அப்பிடித்தான். அந்த மனுசி திரும்பி வரேல்லை.”

சாப்பிட்ட கோப்பைகளை இருவருமாகக் கழுவினோம். பஸ்ஸில் மடக்கி வைத்திருந்த அவர் கால்கள் வீங்கியிருந்தன. என் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் சோபாவில் சாய்ந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மகளுக்கு ஃபோன் எடுத்தேன். “டிக்கெட்டை எடு” என்றேன்.

அவளால் நம்ப முடியவில்லை. என்ன நடந்தது, ஏன் திடீரென்று என்று பிரெஞ்சில் துருவித் துருவிக் கேட்டாள். கடைசியாக, இத்தனை காலமும் நான் கேட்கப் பயந்த கேள்வியை அவளே கேட்டாள். அவர்கள் கேற்றைத் திறக்காவிட்டால்?

“அடுத்த வருசமும் போவன்” என்றேன்.